கச்சிதத்தின் பின் சீட்டு

காரின் பின் சீட்டில் இடமில்லை என்று ஒரு குடும்பத்துக்குக் குழந்தையைக் கொடுக்க மறுத்துவிட்டார்களாம். என் மனைவி முடிவெட்டும் கடையிலிருந்து கொண்டுவந்த செய்தி இது. அவளுக்குச் சொன்னவள் முடிவெட்டுகிற பெண். அந்தப் பெண்ணுக்குச் சொன்னவர், தலை முழுக்கச் சாயத்தோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா. அந்த அம்மாவுக்குத் தெரிந்த யாரோ ஒரு தம்பதி, குழந்தை ஒன்றை வளர்க்கக் கேட்டிருந்தார்கள். வீடு சரி, வேலை சரி, அக்கம்பக்கத்தார் சொன்ன வார்த்தையும் சரி. அலுவலர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பும்போது, வாசலில் நின்ற காருக்குள் எட்டிப் பார்த்தாராம். அத்தோடு முடிந்தது கதை.

"என்ன கார்?" என்று கேட்டேன்.

"அதை யாரு கேட்டா? சாயம் கழுவ நேரமாச்சு, அந்தம்மா எழுந்து போயிட்டாங்க."

மற்றவர்களுக்கு இது கேட்டுவிட்டு மறக்கிற சமாசாரம். எங்களுக்கு அப்படியில்லை. என் மனைவியின் அக்காவும் அவர் கணவரும் அப்படியொரு குழந்தைக்காகத்தான் எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உண்டு. கார் ஒன்றுதான், அதுவும் எங்கள் சொந்தபந்தத்தில் யாரிடமும் இல்லாத அளவுக்குச் சின்னது. அதை மாற்றுகிற பேச்சுக்கு அந்த வீட்டில் இன்னும் சில வருஷத்துக்கு வழியில்லை.

அக்காவின் கணவர் எனக்குச் சகலை. நான் குடியேறி வந்திருக்கிற இந்த ஊரின் மொழியில் சகலைக்கு ஒரு சொல் கிடையாது. அலுவலகத்தில் யாராவது கேட்டால், "என் மனைவியின் அக்காவின் கணவர்" என்று ஆரம்பிப்பேன். அக்கா என்ற சொல் வரும்போதே அவர்கள் கண்ணில் தூக்கம் வந்துவிடும். ஆனால் சகலையைத் தெரியாதவர்கள் எங்களவர்களில் இல்லை. எல்லாரும் அவரைக் கச்சிதம் என்றுதான் சொல்வார்கள்.

மரச்சாமான் கிடங்கு ஒன்றில் லாரிகளுக்குச் சரக்கு அடுக்குவது அவர் வேலை. எது முதலில் இறங்க வேண்டுமோ அது கடைசியில் ஏற வேண்டும், எதற்கும் எதற்கும் நடுவில் விரல்கூட நுழையக் கூடாது. இருபது வருஷமாக இதையே செய்துசெய்து, உலகத்தில் இரண்டே இரண்டு வகைதான் உண்டு என்று முடிவுகட்டிவிட்டார்: இடம் பார்த்து வைத்தது, இடம் பார்க்காமல் வைத்தது. நாங்கள் வீடு மாறியபோது, ஒரே லாரியில் எல்லாம் போகாது என்று லாரிக்காரர் கையை விரித்தார். சகலை அவரைத் தேநீர் குடிக்க அனுப்பினார். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் கட்டில் பீரோவோடு ஒட்டிக்கொண்டு நின்றது, பீரோவுக்குள் நாற்காலிகள் இருந்தன, நாற்காலிக் கால்களுக்கு நடுவே மின்விசிறி படுத்திருந்தது. என் மனைவி சற்றுத் தள்ளி நின்றதால் தப்பித்தாள்.

இப்படிப்பட்டவரோடு குடும்பம் நடத்துவது சுலபமில்லை. அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு கிண்ணத்தை எடுத்தால் அதே இடத்தில், அதே முகமாகத் திருப்பி வைக்க வேண்டும். விருந்துக்குப் போன நான் ஒருமுறை தயிரை மேல் தட்டில் வைத்துவிட்டேன். சகலை சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தை விஷயம் ஆரம்பித்தது அக்கா மூலமாக. அக்கா ஒரு பகல் காப்பகத்தில் வேலை பார்க்கிறார். அங்கே ஒன்றரை வயதுக் குட்டிப்பெண் ஒருத்தி, பெற்றவர்கள் இல்லாதவள், தற்காலிகமாக இருந்த வீட்டிலிருந்து தினமும் வந்துபோய்க்கொண்டிருந்தாள். யார் தூக்கினாலும் விறைத்துக்கொள்வாள். அக்கா தோளில் மட்டும் தலையைச் சாய்ப்பாள். ஒருநாள் அக்காவைக் கூட்டிவரப் போன சகலை, அந்தக் குட்டி தரையில் உட்கார்ந்து ஒரு டப்பாவுக்குள் சின்ன டப்பா, அதற்குள் இன்னும் சின்ன டப்பா என்று பொறுமையாகப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தார். வீடு வந்து வாசலில் காரை நிறுத்திவிட்டு, "நம்ம வீட்டுல இடம் இருக்கு" என்றார். அதைவிடப் பெரிய வார்த்தை அவரிடம் இல்லை என்பது அக்காவுக்குத் தெரியும். காரிலேயே உட்கார்ந்து அழுதார்.

குழந்தை நல அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்து வீட்டைப் பார்த்தார். படிக்கட்டுக்குக் கதவு போட்டிருந்ததையும் மருந்தெல்லாம் உயரத்தில் இருந்ததையும் கவனித்தார். கடைசியில் காரைக் காட்டச் சொன்னார்.

"மூணு பேரும் எங்க உட்காருவாங்க?"

"பின்னாடிதான் மேடம். தாராளமா இடம் இருக்கு."

"இடம் இருக்கிறது வேற சார். ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க வயசுக்குத் தகுந்த சீட்டு வேணும். மூணும் ஆடாம நிக்கணும், மூணு பேருக்கும் பெல்ட் சரியா மாட்டணும். அடுத்த தடவை வரும்போது அதைப் பார்க்கிறேன்."

சகலை சந்தோஷமாகத்தான் இருந்தார். தேர்வில் தெரிந்த கேள்வி வந்துவிட்ட மாதிரி. அந்த நேரம் பார்த்துத்தான் முடிவெட்டும் கடைச் செய்தி வந்தது. என் மனைவி உடனே அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்றேன். "நாளைக்கு அப்படி ஏதாவது ஆனா, தெரிஞ்சும் ஏன்டி சொல்லலன்னு அவ கேட்பா. நீங்களா பதில் சொல்வீங்க?" என்றாள். அக்கா அதை அப்படியே சகலையிடம் திருப்பிச் சொன்னார். பக்கத்தில் இருந்த சகலையின் குரல் போனில் எங்களுக்கே கேட்டது: "லாரி லாரியா அடுக்கறவன்கிட்ட ஒரு பின் சீட்டைக் காட்டிப் பயமுறுத்துறீங்களா?"

மறுநாள் அவர் அளவு நாடாவோடு கடைக்குப் போனார். மூத்தவளுக்கு ஏழு வயது. காரின் பெல்ட்டையே போட்டுக்கொள்ளலாம், ஆனால் அது கழுத்தில் அறுக்காமல் இருக்க அடியில் உயர்த்திக் கொடுக்கிற பூஸ்டர் வேண்டும். அடுத்தவனுக்கு நாலு வயது. அவனுக்குத் தோளிலும் இடுப்பிலும் தன் பட்டைகளே உள்ள சீட்டு. குட்டிக்குப் பின்பக்கம் பார்த்து உட்காருகிற சீட்டு. கடையில் இருந்த எல்லாவற்றையும் அளந்து, கிடங்கிலிருந்து அட்டை கொண்டுவந்து, மூன்று பெட்டிகள் செய்தார். எந்தச் சீட்டு எந்த இடத்தில் அதிக அகலமோ அந்த அகலத்துக்கே பெட்டி. மூன்றையும் பின் சீட்டில் வைத்தார். கதவு சாத்தவில்லை. ஒரு கையளவு இடித்தது.

நான் அன்று அங்கே இருந்தேன். சகலை முகத்தில் ஈயாடவில்லை. காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு ஜோடியை எடுத்து, ஒன்றை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"புதுச் செருப்பு வாங்கினா பெட்டியில எப்படி இருக்கும் சகலை?"

"ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படி."

"அதேதான். தோள் பக்கம் அகலம், அடிப்பக்கம் ஒல்லி. நடுவுல உள்ளது முன்னாடி பார்க்குது, குட்டியோடது பின்னாடி பார்க்குது. ஒண்ணோட தோள் பக்கத்துல இன்னொண்ணோட காலு. நான் என்னடான்னா மூணையும் பெட்டின்னு நினைச்சு அளந்திருக்கேன்." தன்னையே அறைந்துகொள்ளப்போகிறவர்போல நெற்றியைத் தொட்டார். "இருபது வருஷம் என்ன வேலை பார்த்தேன் நான்."

அட்டைகளைச் சீட்டின் வடிவத்துக்கு வெட்டி ஒட்டினார். இந்தத் தடவை கதவு சாத்தியது. ஆடுகிறதா, சத்தம் வருகிறதா என்று பார்க்க அட்டைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டே ஒரு வாரம் வேலைக்குப் போய்வந்தார். மூத்தவள் மூன்றுக்கும் முகம் வரைந்துவிட்டாள். தனக்கு நல்ல முகம், தம்பிக்கு ஒரு பல், வரப்போகிறவளுக்குப் புருவம் மட்டும். சிக்னலில் பக்கத்தில் நின்ற கார்க்காரர்கள் எட்டிப் பார்ப்பதும் சட்டென்று திரும்பிக்கொள்வதுமாக இருந்தார்களாம். "குடும்பம் பெருசாயிடுச்சுபோல" என்று கிடங்கு வாசல் காவலாளி கேட்டதற்கு, "இன்னும் அனுமதி வரல" என்று சகலை முழுமனதோடு பதில் சொல்லியிருக்கிறார்.

மூத்தவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளை நாங்கள் வக்கீல் என்போம். பல் துலக்கச் சொன்னால் நேற்றுத் துலக்கியதன் பயன் எப்போது தீர்கிறது என்று கேட்பாள். அவள் தம்பியை உருண்டை என்போம். காரணம், பார்த்தாலே தெரியும். குட்டி வருவதைப் பற்றி உருண்டைக்கு ஒரு கருத்தும் இல்லை. வக்கீலுக்கு இருந்தது, ஆனால் அவள் அதை வெளியே விடவில்லை. அதுதான் அக்காவின் கவலை.

அட்டையில் வென்றவர் அசலை வாங்கப் புறப்பட்டார். நானும் என் மனைவியும் எங்கள் காரில் பின்னாலேயே போனோம். கடையின் விற்பனையாளர் நல்ல மனிதர், அளந்து பேசுகிறவர். சகலையின் காரோடு பொருந்தாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லி மூன்று சீட்டுகளையும் கார் நிறுத்துமிடத்துக்கு எடுத்துவந்தார். சகலை அவரைத் தொடவே விடவில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் பூஸ்டர், நடுவில் உருண்டையின் சீட்டு, அந்தப் பக்கத்தில் குட்டியின் சீட்டு. பூஸ்டர் தவிர மற்ற இரண்டையும் காரின் பெல்ட்டாலேயே இறுக்கினார். முழங்காலை ஊன்றி, உதட்டைக் கடித்து, மூச்சைப் பிடித்து. இதற்குள் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒருவர், நடுவில் உள்ளதை ஓரத்தில் போடச் சொன்னார். பெரிய வேனில் நாலு பிள்ளைகளோடு வந்த ஒரு பெண் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, இரக்கத்தோடு ஏற்றிக்கொண்டாள். சகலை கடைசிப் பட்டையை இழுத்தார். வெளியே வந்தார். கதவைத் தள்ளினார். டப் என்று சாத்திக்கொண்டது.

தள்ளுவண்டிக்காரர் கைகொடுத்தார். அக்கா என் மனைவியைக் கட்டிக்கொண்டார். விற்பனையாளர் மட்டும், "பிள்ளைங்களை உட்கார வையுங்க சார்" என்றார்.

உருண்டையை ஏற்றினார்கள். வக்கீல் பூஸ்டரில் ஏறி உட்கார்ந்தாள். சகலை அவள் பெல்ட்டை இழுத்து, அதன் உலோக நாக்கை, சீட்டோடு இருக்கிற பூட்டான பக்கிளில் மாட்டக் குனிந்தார். பக்கிளைக் காணோம். அது பூஸ்டருக்கும் உருண்டையின் சீட்டுக்கும் நடுவே, கிணற்றின் அடி மாதிரி எங்கோ கீழே இருந்தது. மேசையும் பீரோவும் தூக்கித் தூக்கி உரல்போல ஆகிவிட்ட சகலையின் கை அந்த இடுக்கில் விரல் கணுவரைதான் போனது.

விரல்கூட நுழையாமல் அடுக்குகிறவருக்கு, விரல் நுழைய வேண்டும் என்று தோன்றவேயில்லை.

"நீ பாரு" என்றார் அக்காவிடம். அக்காவின் கை மணிக்கட்டுவரை போனது. ஆனால் அழுத்த வழியில்லை. "சகலை, நீங்க?" என்றார் என்னிடம். நாளெல்லாம் கணினியில் தட்டுகிற என் கை ஒல்லியானதுதான். உள்ளே போய்விட்டது. பக்கிளையும் தொட்டேன். வெளியே எடுக்கும்போதுதான் கைக்கடிகாரம் மாட்டிக்கொண்டது.

"இழுக்காதீங்க, சீட்டு நகரும்" என்றார் சகலை.

"கை போயிடும் சகலை."

"கை எங்கயும் போகாது. சீட்டு நகர்ந்தா மறுபடி முதல்லேர்ந்து கட்டணும்."

என் மனைவி கடிகார வாரை அவிழ்த்து என்னை மீட்டாள். "பக்கிளை நீளமாக்கற பட்டை ஏதாவது..." என்று ஆரம்பித்தேன். விற்பனையாளர் தலையை வேகமாக ஆட்டினார். அந்த மாதிரி ஒட்டுவேலையெல்லாம் கூடவே கூடாது, இடிபட்டால் பெல்ட் இருந்தும் இல்லாத மாதிரி என்றார். பூஸ்டரை அந்த ஓரத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். நடுவில் வைத்துப் பார்த்தார்கள். உருண்டை ஏறி ஏறி இறங்கினான். அவனுக்கு இது ஒரு விளையாட்டுப்போலப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு வரிசையிலும் கதவு சாத்தியது, பக்கிள் எட்டவில்லை. தள்ளுவண்டிக்காரர் மெதுவாக நழுவினார். அக்கா முடிவெட்டும் கடைச் செய்தியில் வந்த அந்தத் தம்பதியை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

முதலில் இருந்த வரிசைக்கே திரும்ப வந்தார்கள். வக்கீல் மறுபடி ஏறி உட்கார்ந்தாள். பெரியவர்கள் எல்லாரும் வெளியே நின்று ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தபோது உள்ளே க்ளக் என்று ஒரு சத்தம் கேட்டது.

எல்லாரும் குனிந்து பார்த்தோம். அவள் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எப்படிடா?" என்றார் சகலை.

"என் கை சின்னது." கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏழு வயதுப் பெண்ணுக்கு, தான் இல்லாமல் காரியம் நடக்காது என்று புரிந்த கணம் அது. நாங்களே அதற்குச் சாட்சி. "நான் மாட்டலன்னா என்ன ஆகும்?"

அக்கா சகலையைப் பார்த்தார்.

"குட்டி வர மாட்டாளா?"

"சொல்லுங்க" என்றார் அக்கா சகலையிடம். சகலை பொய் சொல்லத் தெரியாதவர். "கஷ்டம்தான்மா" என்றார்.

வீடு திரும்பும் வழியில் பேச்சுவார்த்தை நடந்தது. சன்னல் எப்போதும் அவளுடையது. காரில் எந்தப் பாட்டு என்று அவள்தான் சொல்வாள். அவள் வண்ணப் பென்சில்களை யாரும் வாயில் வைக்கக் கூடாது. "நீ பெரியவ, விட்டுக்கொடு" என்ற வாக்கியத்தை வீட்டில் சொன்னாலும் காருக்குள் சொல்லக் கூடாது. சகலை ஒவ்வொன்றுக்கும் சரி என்றாராம். கடைசியில் அவள் கேட்டாள்: "அவளை எனக்குப் பிடிக்கலன்னா?"

இதற்குச் சகலை அடுத்த சிக்னல்வரை யோசித்தார். "பிடிக்கலன்னாலும் பக்கிளை மாட்டிக்கணும்."

அது நியாயம் என்று அவள் ஒத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஒத்திகை. குட்டியின் சீட்டில் அவள் எடைக்குச் சரியாக ஒரு சலவைத்தூள் பொட்டலத்தை வைத்துப் பட்டை போட்டார் சகலை. லாரிக்குப் போலவே ஏறும் வரிசையும் வகுத்தார்: முதலில் வக்கீல், ஏறி மாட்டிக்கொள்ள வேண்டும், சகலை குனிந்து பட்டை இடுப்பில் தட்டையாகக் கிடக்கிறதா, பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பார்ப்பார், பிறகு அந்தப் பக்கக் கதவு வழியாக உருண்டை, கடைசியில் பொட்டலம். பின்பக்கம் பார்க்கும் சீட்டுக்கு வழிவிட முன் சீட்டை நகர்த்தியதில் அக்காவின் முழங்கால் டாஷ்போர்டில் ஒட்டிக்கொண்டது. "கல்யாணம் ஆனப்ப எனக்கு முழுச் சீட்டு இருந்தது" என்றார் அக்கா.

"இப்பவும் முழுசுதான். முன்னாடி கொஞ்சம் மடிஞ்சிருக்கு."

"சீட்டு மடியல. நான் மடிஞ்சிருக்கேன்."

அலுவலர் அம்மா இரண்டாம் முறை வந்தது ஒரு சனிக்கிழமை காலை. சகலை என்னையும் என் மனைவியையும் வரச் சொல்லியிருந்தார்; சும்மா நிற்கத்தான். ஒத்திகை பார்த்த வரிசையில் எல்லாம் நடந்தது. க்ளக், க்ளக், க்ளக். அந்த அம்மா ஒவ்வொரு சீட்டையும் அடிப்பக்கத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. பட்டைக்கும் பொட்டலத்துக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். "இந்தக் காருக்குள்ள மூணா? நான் நம்பல சார், உண்மையைச் சொல்றேன்" என்றார். சகலை அடக்கமாக இருக்க முயன்றார், முடியவில்லை. செருப்புப் பெட்டி தத்துவத்தை ஆரம்பத்திலிருந்து விளக்கினார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு வக்கீல் பக்கம் குனிந்தார்.

"உன் பெல்ட்டை நீயே போட்டுக்கிறியா? கெட்டிக்காரி. பாப்பா உன் வீட்டுக்கு வர்றது உனக்குப் பிடிச்சிருக்கா?"

வக்கீல் யோசித்தாள். அவள் யோசித்த நேரத்தில் அக்காவின் கை என் மனைவியின் கையைத் தேடிப் பிடித்தது.

"இடம் இருக்கு" என்றாள் வக்கீல். "பிடிக்குமா இல்லையான்னு அவ வந்தாதான் தெரியும். பார்க்காம எப்படிச் சொல்றது?"

அலுவலர் அம்மா நிமிர்ந்தார். "சரி" என்றார். எதையோ எழுதிக்கொண்டார். நாங்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். அலுவலகத்தில் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததும் போன் பண்ணுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நல்ல முகமா கெட்ட முகமா என்று எங்களுக்குள் ஒரு பெரிய விவாதமே நடந்தது. என் மனைவி நல்ல முகம் என்றாள். எனக்குக் கெட்டதாகத்தான் பட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான் படும், அதனால் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

"ஒரே ஒரு நாள், பிடிச்சிருக்குன்னு சொல்லியிருக்கலாம்" என்றார் சகலை, பிள்ளைகள் காதில் விழாத தூரத்தில்.

"பொய் சொல்லச் சொல்லியா வளர்த்தோம்?"

"பொய் இல்ல. கொஞ்சம் முன்கூட்டியே சொல்றது."

"அவளை ஒண்ணும் கேட்கக் கூடாது. நீங்க முகத்தைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது." அக்கா சொன்னபடியே அவர் வக்கீலிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் காத்திருந்த நாட்களில் சகலையிடம் ஏதோ தளர்ந்துவிட்டது. கிடங்கிலிருந்து போன ஒரு லாரியில், ஓட்டுநர் படுத்துத் தூங்குகிற அளவுக்கு இடம் மிச்சமிருந்ததாம். உடம்பு சரியில்லையா என்று அங்கே விசாரித்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போன நான், வேண்டுமென்றே தயிரை மேல் தட்டில் வைத்துப் பார்த்தேன். அவர் கண்டுகொள்ளவில்லை. பயந்துபோய் நானே எடுத்துக் கீழே வைத்தேன்.

பிள்ளைகளின் அலமாரியை அக்கா எனக்குத் திறந்து காட்டினார். மற்ற தட்டுகளில் துணிகள் செங்கல் சுவர்போல அடுக்கியிருந்தன. நடுத்தட்டு முழுக்கக் காலி. சகலை அதை எப்போதோ துடைத்து, அடியில் புதுக் காகிதம் விரித்திருந்தார். சகலை ஒரு இடத்தைச் சும்மா விட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நேற்று அவர்கள் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது நானும் என் மனைவியும் போய்ச் சேர்ந்தோம். ஏற்றுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. அக்கா முன் சீட்டில் மடிந்து உட்கார்ந்திருந்தார். வக்கீல் மாட்டிக்கொண்டாகிவிட்டது. சகலை பாதி உடம்பைக் காருக்குள் விட்டு, உருண்டையின் தோள்பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தார். பின் பாக்கெட்டில் இருந்த போன் இடித்ததால் அதை எடுத்து என் கையில் கொடுத்திருந்தார்.

போன் அடித்தது. திரையைப் பார்த்தேன்.

"சகலை, போன்."

"யாரு?"

"ஆபீஸ்."

எந்த ஆபீஸ் என்று யாரும் கேட்கவில்லை. சகலை வெளியே வரவில்லை. ஏற்கெனவே இறுகியிருந்த பட்டையை இன்னொரு தடவை இழுத்தார். உருண்டை, "அப்பா, போதும்" என்றான்.

"நீங்க எடுங்க சகலை" என்றார் உள்ளேயிருந்து.

"உங்களுக்கு வந்த போன். நான் எப்படி எடுக்கறது?"

"என் கை உள்ள இருக்கு."

"வெளிய எடுங்களேன்."

"எடுக்கலாம்" என்றார். எடுக்கவில்லை.

முன் சன்னல் வழியாக அக்காவின் கை வெளியே நீண்டது. போனைக் கொடுக்கப் போனேன். விரல் பட்டதும் அந்தக் கை உள்ளே போய்விட்டது. "வேணாம். அவரே பேசட்டும்."

"சனிக்கிழமையில நல்ல சேதின்னாதான் கூப்பிடுவாங்க" என்றாள் என் மனைவி.

"யாரு சொன்னா?" என்றார் அக்கா உள்ளேயிருந்து.

போன் என் உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. சகலையின் முதுகு மட்டும் தெரிந்தது; சட்டை அதில் ஒட்டியிருந்தது. அந்த முதுகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வக்கீலின் குரல் வந்தது.

"எடுங்கப்பா. இல்லன்னு சொன்னாங்கன்னா என்கிட்ட குடுங்க. நான் பேசிக்கிறேன்."

சகலை மெல்லப் பின்னால் நகர்ந்து, தலை கூரையில் இடிக்க, ஒரு கையை மட்டும் வெளியே நீட்டினார். நான் போனை அதில் வைத்தேன். அவர் அதைக் காதருகே கொண்டுபோகாமல் முகத்துக்கு எதிரே பிடித்து, திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது அடித்துக்கொண்டிருந்தது.